வீரம்மா வரையாத கடிகாரம்

பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டு வீரம்மா கைகளைக் கட்டிக்கொண்டாள். எதிரே கிடந்த வெள்ளைத் தாளில் அவள் போட்ட வட்டம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதற்குள் பன்னிரண்டு எண்களையும் எழுதி, மூன்று இருபது காட்டும்படி முட்களை வரையச் சொல்லியிருந்தார்கள். வீரம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியும். ஆனால் ஐம்பத்தாறு வயது வரைக்கும், ஒரு கடிகாரத்தை வரைந்து காட்டு என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

அதற்கு முன்னால் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள். மனதில் தோன்றிய ஒரு வசனத்தை எழுதச் சொன்னார்கள். ஒட்டகப் படமொன்றைக் காட்டி இது என்ன என்றார்கள். "மாடு இல்ல. ஆனா நம்ம பக்கத்துச் சாமான் இல்ல இது" என்றாள் வீரம்மா. பரிசோதித்த பெண் ஒரு பூச்சியம் போட்டுக்கொண்டாள்.

இது கண்டியில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவு. வீரம்மாவை அங்கே அனுப்பிவைத்தவர் டாக்டர் சுலக்ஷனா. ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கண்டியில் வேலை, மாதத்தின் முதல் வியாழக்கிழமை மட்டும் ஹட்டனுக்கு வந்து நரம்பு நோயாளிகளைப் பார்ப்பார். ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியருக்குக் கீழே அவரும் ஒருவர்.

வீரம்மா அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணி. தோட்டத்தின் அந்தப் பிரிவில் கங்காணி வேலை பார்த்த முதல் பொம்பளை அவள்தான். ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் மற்றக் கங்காணிமார் தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்கள். வீரம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவள். அவளுக்குத் தாள் தேவைப்பட்டதுமில்லை. முப்பத்தாறு பெண்களின் பெயரையும், யாருக்கு எந்த நிரை என்பதையும் மூச்சு விடாமல் சொல்லி மலைக்கு அனுப்புவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைக் காலையில், பன்னிரண்டு வருஷமாகத் தன்னோடு கொழுந்தெடுக்கும் ஒருத்தியின் முன்னால் போய் நின்றாள். பெயர் வரவில்லை. அந்தப் பெண் சிரித்துச் சமாளித்துவிட்டாள். அடுத்த வாரம், நாலு நாளைக்கு முன்னால்தான் கொழுந்து எடுத்து முடித்த மலைக்கே முப்பத்தாறு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா திட்டவில்லை. "வயசாயிருச்சு வீரம்மா, கொஞ்சம் ஓய்வு எடுங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பெரட்டை வேறொருவரிடம் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தன்னைவிட எட்டு வயது மூத்தவர்கள் கவ்வாத்து வெட்டுகிற தோட்டத்தில், வயதாகிவிட்டது என்பதை அவள் நம்பவில்லை. கோளாறு என்னவென்று தெரியாமல் வீட்டில் உட்கார மாட்டேன் என்று புருஷன் செல்லசாமியிடம் சொல்லிவிட்டு, தனியாக பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனாள். மூன்று மாதம் மூளையைப் படம் பிடித்து, ரத்தம் எடுத்து, கடைசியில் டாக்டர் சுலக்ஷனா நோயின் பெயரைச் சொன்னார். அல்சைமர். ஞாபகங்களைப் பதிந்துவைக்கிற இடத்தில் மூளையின் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. இருக்கிற மருந்துகள் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் கண்டியில் ஒரு புது மருந்தைச் சோதிக்கப் போகிறார்கள். செத்த செல்களின் இடத்தில் புதியவற்றை முளைக்கச் செய்கிற மருந்து. எலிகளில் முளைத்திருக்கிறது.

"கவ்வாத்து வெட்டின தேயிலை துளிர்க்கிற மாதிரின்னு வச்சுக்குங்க" என்றார் டாக்டர்.

வீரம்மா யோசித்தாள். "வேர் உசிரோட இருந்தாத்தான் டாக்டரம்மா அது துளிர்க்கும். எனக்கு வேர் இருக்கான்னு பாத்தீங்களா?"

அது யாருக்கும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை என்றார் டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பேச்சு வீரம்மாவுக்குப் பிடித்துப்போனது. வருகிறேன் என்றாள்.

இப்போது கண்டியில் அந்தத் தாள்களை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, முப்பதுக்குப் பன்னிரண்டு என்றார்கள். சோதனையில் சேர்வதற்குக் குறைந்தது பதினெட்டு வேண்டும். நோய் முற்றிவிட்டது, முற்றியவர்களைச் சேர்ப்பதில்லை. டாக்டர் சுலக்ஷனா இதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. செல்லசாமி எழுந்து குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் போ என்றால் போவதுதான் அவருக்குத் தெரிந்த வழக்கம்.

வீரம்மா எழுந்திருக்கவில்லை.

"கடிகாரம் வரைய எனக்கு என்னைக்குமே தெரியாது. இல்லாதத எப்பிடிங்க தொலைக்க முடியும்?" என்றாள். "தொலைச்சது வேற. அதக் கேளுங்க."

எதைக் கேட்கட்டும் என்றார் டாக்டர்.

"என் பெரட்டுல முப்பத்தாறு பேரு. பேரு, எந்த லயத்து வீடு, எந்த நெரை, எல்லாத்தையும் சொல்றேன். நீங்க எழுதுங்க. தோட்டத்துல பேரு பதியிற செக்ரோல் இருக்கு. அத வாங்கி ஒத்துப் பாருங்க."

வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். பரிசோதித்த பெண் கதவைப் பார்த்தாள். டாக்டர் சுலக்ஷனா ஒரு புதுத் தாளை எடுத்தார்.

வீரம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் பதினைந்து பெயர்கள் மழைத்தண்ணீர் மாதிரி ஓடிவந்தன. இருபதுக்குமேல் மெதுவானது. விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்தாள். விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். இருபத்தொன்பதில் நின்றாள். நெற்றியில் வேர்த்தது. செல்லசாமிக்கு மிச்சப் பெயர்கள் தெரியும். வாயெடுத்தவரைக் கையைக் காட்டித் தடுத்தாள்.

"ஏழு பேரு போயிட்டாங்க" என்றாள். "மூணு வருஷத்துக்கு முந்தி ஒருத்தர் பேரும் போகாது. அந்த ஏழ எழுதிக்குங்க டாக்டரம்மா. அதுதான் என் நோய். கடிகாரம் என் நோய் இல்ல."

அடுத்த வாரம் செக்ரோலின் பிரதி ஒன்றை வாங்கி ஒத்துப் பார்த்த டாக்டர் போனில் கூப்பிட்டார். தவறியது ஏழு அல்ல, எட்டு. ஒரு பெயரை வீரம்மா இரண்டு தடவை சொல்லியிருந்தாள். "அப்ப எட்டுன்னு எழுதுங்க. நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்" என்றாள் வீரம்மா.

பேராசிரியர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்திக்காக விதியை மாற்றினால் சோதனையே கெட்டுப்போகும் என்றார். இது ஒருத்தியின் பிரச்சினை இல்லை, இந்த மலையில் பள்ளிக்கூடம் போகாத எத்தனையோ பேரை இந்தத் தாள் வெளியே தள்ளும் என்று டாக்டர் சுலக்ஷனா வாதாடினார். படிக்காதவர்களுக்கென்று வேறொரு பரீட்சையைத் தயாரித்து, அதற்கு அனுமதி கேட்டு எழுதினார். கடிதங்கள் போய் வர நாலு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு வாரமும் வீரம்மா கண்டிக் கிளினிக்குக்குப் போன் எடுத்தாள். "நான் இன்னும் மறக்கல. நீங்க மறந்துட்டீங்களா?" என்பாள். கடைசியில் புதுப் பரீட்சையின்படி அக்கரப்பத்தனை, மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஏழு பேர் சேர்ந்தார்கள். வீரம்மாவும் சேர்ந்தாள், மயிரிழையில்.

மகன் கிஷாந்த் கொழும்பில் போன் திருத்தும் கடையில் வேலை செய்தான். விஷயம் கேள்விப்பட்டதும் லீவு போட்டு ஓடிவந்தான். தோட்டத்து ஆட்கள் என்றால் இளக்காரம், எதை வேண்டுமானாலும் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று கத்தினான். எலிக்குக் கொடுக்கிற மருந்தைத் தன் அம்மாவுக்குக் கொடுப்பதா என்றான்.

"எலிய யாரும் கேட்டுக் கையெழுத்து வாங்கல" என்றாள் வீரம்மா. "என்னைய உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் சொல்லிக் கேட்டாங்க. வேணாம்னா எப்ப வேணுமின்னாலும் நிப்பாட்டலாமாம். இந்தத் தோட்டத்துல பொறந்ததுல இருந்து எனக்கு யாரு அப்பிடிச் சொல்லியிருக்கா?"

தினமும் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கவும் சொன்னார்கள். ஓடவிட்ட எலிகளின் மூளையிலும் புதுச் செல்கள் வந்திருக்கின்றனவாம். வீரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தொன்பது வருஷம் முதுகில் கொழுந்தோடு மலை ஏறி இறங்கினேனே, எனக்கு அது முளைக்கவில்லையா என்று கேட்டாள். ஒருவேளை அதனால்தான் நோய் இதைவிடச் சீக்கிரம் வராமலிருந்ததோ என்னவோ, தெரியாது என்றார் டாக்டர். நடை மட்டும் நிற்கவில்லை. செல்லசாமி ஃபெக்டரி வேலை முடிந்து வந்ததும் இருவரும் மேல்மலை வரைக்கும் போய்த் திரும்புவார்கள்.

மூன்றாம் மாதத்திலேயே லயத்துப் பெண்கள் அவள் முகம் தெளிந்துவிட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். கோயில் பூசாரிகூட முன்னைக்கு இப்போது நல்லாயிருக்கிறாள் என்றார். வீரம்மாவுக்குக் கோபம் வந்தது. நேற்று அடுப்பில் வைத்த பருப்பு கரிந்துபோனது, முந்தாநாள் பக்கத்து லயத்துக்குப் போய் நம்ம வீடு என்று கதவைத் தட்டினேன், எதற்குப் பொய் சொல்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பதினாறாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. அதைப் படம் எடுத்துக் கிஷாந்துக்கு அனுப்பினார்கள். சோதனையை நிறுத்துகிறார்கள், எதிர்பார்த்த பலன் இல்லை, பங்குபற்றியமைக்கு நன்றி என்று அவன் போனில் வாசித்துச் சொன்னான். அவ்வளவுதானா என்று கேட்டாள் வீரம்மா. அவ்வளவுதான் என்றான்.

முதல் வியாழக்கிழமை வரட்டும் என்று காத்திருந்தாள். மறந்துவிடாமலிருக்க, செல்லசாமியைத் தினமும் காலையில் தனக்குச் சொல்லச் சொன்னாள். அந்த நாள் வந்ததும் ஹட்டன் கிளினிக்கில் நம்பர் எடுக்காமல் நேராக உள்ளே போனாள். "கேக்கும்போது தமிழ்ல கேட்டீங்க. முடிஞ்சு போனதையும் தமிழ்ல வந்து சொல்லுங்க. ஏழு பேருக்கும் நேருல சொல்லுங்க" என்றாள். டாக்டர் சுலக்ஷனாவுக்கு முகம் சிவந்தது. கடிதம் மேலிடத்திலிருந்து நேராகப் போய்விட்டது என்றார். பிறகு அந்தச் சமாதானத்தை அவரே விட்டுவிட்டு, வருகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கூடினார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. அங்கிருந்த பெஞ்சுகள் எல்லாம் முழங்கால் உயரம். பெரியவர்கள் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். மஸ்கெலியாவிலிருந்து வந்த இருவரை அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிஷாந்தும் வந்து பின்னால் சுவரோரம் நின்றான்.

டாக்டர் நின்றுகொண்டே பேசினார். மருந்து வாங்கியவர்களுக்கும் மாவு வாங்கியவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை, நல்லதும் நடக்கவில்லை. வீரம்மா வாங்கியது உண்மையான மருந்துதான். இதைக் கேட்டதும் செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"புதுசா முளைச்சுச்சா இல்லையா?" என்று கேட்டாள் வீரம்மா.

அது தெரியாது என்றார் டாக்டர். எலியின் தலையைத் திறந்து பார்த்து எண்ணினார்கள். உயிரோடிருக்கிற மனுஷர் தலைக்குள் அப்படி எண்ணிப் பார்க்க இன்னும் வழியில்லை. முளைத்தும் பயனில்லாமல் போயிருக்கலாம். முளைக்காமலே இருந்திருக்கலாம். முளைத்திருந்தால் அடுத்து அந்தச் செல்களை எப்படிப் பிழைக்கவைப்பது என்று பார்க்க வேண்டும். முளைக்கவே இல்லையென்றால் வேறு மருந்து தேட வேண்டும்.

"ரெண்டும் வேற வேற தோல்விங்க அம்மா. எந்தத் தோல்வின்னு தெரியாமத்தான் நாங்க நிக்கிறோம்" என்றார்.

"எப்பிடிப் பாப்பீங்க அத?"

டாக்டர் தயங்கினார். வீரம்மா விடவில்லை. இறந்தபிறகு மூளையைக் கொடுக்கச் சம்மதித்தவர்களிடமிருந்து எடுத்துப் பார்ப்பார்கள் என்று கடைசியில் சொன்னார். சில நாடுகளில் அப்படிக் கொடுக்கிறார்கள். தானறிய இந்த மலைப்பக்கத்து ஆட்களுடையது எதையும் யாரும் பார்த்ததில்லை. இதைக் கேட்பதற்காகத் தான் வரவில்லை, யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

"என்னோடத எடுத்துக்குங்க" என்றாள் வீரம்மா.

கிஷாந்த் சுவரிலிருந்து விலகி முன்னால் வந்தான். அம்மாவுக்குப் புத்தி சரியில்லை, அவள் சொல்வதைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று டாக்டரிடம் சொன்னான். தலையைக் கிழித்துத்தான் அம்மாவை அடக்கம் செய்ய வேண்டுமா, ஊர் என்ன சொல்லும் என்றான். முகத்துக்கு ஒன்றும் ஆகாது, உடலை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. செல்லசாமி எழுந்து வெளியே போய், தகரக் கூரையின் ஓரத்தில் நின்றுகொண்டார்.

வீரம்மா முக்காட்டைத் தள்ளி மகனுக்குத் தலையைக் காட்டினாள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், இந்தக் காது முதல் அந்தக் காது வரை முடி தேய்ந்து ஒரு தடம் இருந்தது.

"முப்பத்தொம்பது வருஷம் இந்தத் தலையில தோட்டத்துக் கூடைக் கயிறு கெடந்துச்சு" என்றாள். "அப்ப யாரும் ஐயோ தலைன்னு சொல்லல. நீயும் சொல்லல. இப்ப நானாப் பாத்துக் குடுக்கிறேன்னா மட்டும் ஊருக்கு வலிக்குதா?"

கிஷாந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா நின்ற இடத்துக்குப் போனான்.

ஆனால் டாக்டர் அன்று கையெழுத்து வாங்கவில்லை. இந்த நோயுள்ளவர்கள் சொல்வதை ஒரே தடவையில் ஏற்றுக்கொள்வது வழக்கமில்லை என்று விளக்கினார். மூன்று வாரம் கழித்து வேறொரு டாக்டர் வருவார். அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக் கேட்பார். அப்போதும் அதே முடிவு என்றால்தான் படிவம். இடையில் வீட்டில் யாரும் இதைப் பற்றி ஞாபகப்படுத்தவும் கூடாது, மனதைக் கலைக்கவும் கூடாது.

அந்த மூன்று வாரமும் வீட்டில் அதைப் பற்றிய பேச்சே இல்லை. கிஷாந்த் கொழும்புக்குத் திரும்பாமல் நின்றுகொண்டான். அம்மா மறந்துவிடுவாள், மறந்தால் நல்லது என்று அவன் அப்பாவிடம் சொன்னான். செல்லசாமிக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. வீரம்மா நடந்தாள், சமைத்தாள், சில நாள் சமைத்ததையே மறந்து மறுபடி அரிசி கழுவினாள். பிள்ளைக்காம்பராவில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. உண்மையில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் இல்லை. அது போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து, கண்டியில் ஒரு சின்ன அறை. புது டாக்டர் வயதானவர், சிங்களவர். தமிழ் தடுக்கித் தடுக்கிப் பேசினார், ஆனால் அவசரப்படவில்லை. சுலக்ஷனா ஓரமாக உட்கார்ந்திருந்தார். வீரம்மா என்ன மருந்து சாப்பிட்டாள், அது எதற்கு, என்ன முடிவு வந்தது, எது தெரியாமலிருக்கிறது, எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் அவளையே திருப்பிச் சொல்லவைத்தார். வீரம்மா ஏதோ முதல் தடவை கேட்கிறவள் மாதிரி முன்னால் சாய்ந்து கேட்டாள். அவளுக்கு அது முதல் தடவைதான். செல்லசாமியும் கிஷாந்தும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொடுக்க வேண்டும் என்று இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று முடித்தார் அவர்.

வீரம்மா அவரைக் கோபமாகப் பார்த்தாள்.

"இவ்வளவு பாடுபட்டுட்டு, பாக்காம மண்ணுக்குள்ள போடுறதா? போட்டா புழுவுக்குத்தான் தெரியும் முளைச்சுச்சா இல்லையான்னு. எடுத்துப் பாருங்க. பாத்துட்டு இவங்ககிட்டச் சொல்லுங்க. தமிழ்ல சொல்லணும்."

சுலக்ஷனா மெதுவாக, "அம்மா, போன தடவையும் நீங்க இதத்தான் சொன்னீங்க" என்றார்.

"அப்பறம் எதுக்கு மறுபடி கேக்குறீங்க?" என்றாள் வீரம்மா.

வயதான டாக்டர் சிரித்துவிட்டார். கிஷாந்துக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா மறந்துவிடுவாள் என்று மூன்று வாரம் காத்திருந்தவன் அவன். அவள் மறந்தும்விட்டாள். மறந்தபிறகும் அவள் அவளாகவே இருந்தாள். அந்த அறையில் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

படிவம் வந்தது. வீரம்மா தன் பெயரின் நாலு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதினாள். சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்றார்கள். செல்லசாமி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். கிஷாந்த் அதை அவர் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்து, தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் வீரம்மாவுக்குப் பசித்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டார்கள். ஹட்டன் பஸ்ஸில் ஜன்னலோரம் தனக்குத்தான் என்று அவள் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.